வளர்ச்சிக் கட்டணம் வாங்கினீர்கள், எங்கள் வாய்க்கால் எங்கே?



நம்ம ஊர் எல்லையில் வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, "நகர் உதயம்" என்று போர்டு வைப்பதை இன்றைக்கு எல்லா இடத்திலும் பார்க்கிறோம். நேற்று வரைக்கும் நெல்லும் கடலையும் விளைந்த இடம். இன்றைக்கு முப்பதடி ரோடு, இருபதடி ரோடு என்று செம்மண் கொட்டி நிரவியாச்சு. விற்றவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிற நமக்கு என்ன ஆச்சு? அதைப் பேசத்தான் இந்தப் பிரசுரம்.

நம்ம சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்தான் வருகிறது. "மனை போட்டவன் ரோட்டை மூணடி உசத்திட்டான். மேலே இருந்து வர்ற கண்ணி வாய்க்கால் ரோட்டுக்கு அடியிலே போயிடுச்சு. குழாய்கூட வைக்கல. மழை பெஞ்சா என் வயல் குளமாகுது, மழை இல்லேன்னா தண்ணி வந்து சேரல" என்கிறார் ஒருவர். "அறுப்பு மெஷின் போற பாதையிலே காம்பவுண்டு கட்டிட்டாங்க" என்கிறார் இன்னொருவர். "அங்கே இருக்கிற நாப்பது வீட்டுச் சாக்கடையும் என் கரும்புக் கொல்லையிலே இறங்குது" என்கிறார் மூன்றாமவர்.

ஊராட்சி ஆபீசில் போய்க் கேட்டால், "நிதி இல்லீங்க" என்று பதில். நிதி இல்லை என்பது உண்மையா? அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தபோது, ரோடு, வடிகால், குடிநீர், பூங்கா என்று சொல்லி வாங்கிய பணம் எங்கே போனது?

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமானால், அந்தப் பணத்தை எப்படிக் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டும். தெரியாத கணக்கைக் கேட்க முடியாது.

என்னென்ன வாங்குகிறார்கள்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன் 59-ஆவது பிரிவு, நிலத்தின் பயன்பாட்டை மாற்றினாலோ கட்டடம் கட்டினாலோ வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்க அதிகாரம் கொடுக்கிறது. பிறகு பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2008-இல் வந்தன. அந்தப் பணம் மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை மேலே உட்கார்ந்திருக்கிற குழு முடிவு செய்கிறது.

மூன்றாவது, திறந்தவெளி ஒதுக்கீடு. மனை போடுகிற இடம் 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது நம்ம கணக்கில் சுமார் 74 சென்ட்டைத் தாண்டினால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குள் இருந்து, இடம் ஒதுக்க முடியாது என்றால், வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டலாம். இந்த 10 சதவீத விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இது போக, நாமே நேரில் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த அக்டோபர் 20-ஆம் தேதி பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் முறைப்படுத்தும் விதிகள் வந்தன. முறைப்படுத்தும் கட்டணம் ஒன்று, வளர்ச்சிக் கட்டணம் ஒன்று என்று தனித்தனியாகக் கட்டச் சொன்னார்கள். மகள் கல்யாணத்துக்கு மூன்று சென்ட் விற்றவரும் அலைந்தார், ஆசையாக அதை வாங்கிய கொத்தனாரும் அலைந்தார். பெரிய லே-அவுட் போட்டு விற்றவர் என்றோ காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

எந்தக் கணக்கில் வாங்குகிறார்கள்?

உலகத்தில் இந்த மாதிரிக் கட்டணத்தை நிர்ணயிக்க முக்கியமாக மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, செலவுக் கணக்கு. இங்கே இருநூறு வீடு வரப்போகிறது. அதற்கு இவ்வளவு நீளம் வடிகால், இவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி, இத்தனை கல்வெர்ட்டு தேவை. மொத்தச் செலவு இவ்வளவு. அதை இருநூறால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு இவ்வளவு. இது நம்ம வீட்டுக் கணக்கு மாதிரி. யாருக்கும் புரியும்.

இரண்டாவது வழி, உயர்ந்த மதிப்பில் பங்கு. ரோடு போட்டதால் ஏக்கர் விலை ஏறினால், ஏறியதில் ஒரு பங்கை அரசாங்கம் கேட்பது. குஜராத்தில் 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி இப்படித்தான் நகரமைப்புத் திட்டம் போடுகிறார்கள். எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ரோடு, பூங்கா, பொது உபயோகம், விற்பனை என்று பெரும்பாலும் 40 சதவீதம் வரை கழித்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஏறிய மதிப்பில் பாதி வரைக்கும் பங்கு கேட்கலாம். நூற்றுக்கு நாற்பது நிலத்தை இழப்பது சின்ன விஷயமில்லை. அந்த முறையை இங்கே கொண்டு வா என்று நாம் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் உண்டு. ஒவ்வொரு உரிமையாளருக்கும் எவ்வளவு நிலம் கழிந்தது, என்ன இழப்பீடு, என்ன பங்கு கட்டணும் என்று ஒரே அட்டவணையில் எழுதி வைத்துவிடுகிறார்கள். யாரும் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வழி, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டு வாங்குவது. நம்ம ஊரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். 2017-ஆம் வருஷத்து முறைப்படுத்தலில் மாநகராட்சிக்கு ஒரு ரேட், நகராட்சிக்கு ஒரு ரேட், பேரூராட்சிக்கும் கிராம ஊராட்சிக்கும் அதைவிடக் குறைந்த ரேட் என்று வைத்தார்கள். வாங்குவதற்குச் சுலபம். ஆனால் அந்த இடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா, ஏரியின் வெள்ளவடிகால் போகிறதா, பள்ளமா மேடா, எத்தனை மதகு கட்டணும் என்ற கேள்வியே இதில் வராது. மேட்டுக் கொல்லைக்கும் அதே ரேட், ஏரிப் பாசனத்துக் கடைமடைக்கும் அதே ரேட்!

செலவைப் பார்த்துப் போடாத கட்டணம், செலவுக்குப் போய்ச் சேராது. நம்ம வாதத்தின் வேர் இதுதான்.

கட்டுவது யார்?

"ரியல் எஸ்டேட்காரன்தானே கட்டுறான், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஒரு பேச்சுக்கு, சதுர மீட்டருக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக சென்ட்டுக்கு நாலாயிரம், ஏக்கருக்கு நாலு லட்சம். மனை போடுகிறவருக்கு இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரியும். நம்மிடம் விலை பேச வரும்போதே அந்த நாலு லட்சத்தைக் கழித்துக்கொண்டுதான் பேசுவார். கட்டணம் பிற்பாடு ஏறினால், மனை வாங்குகிற கூலிக்காரர், டிரைவர், சின்ன வாத்தியார் தலையில் ஏற்றுவார். நடுவில் இருக்கிறவர் கையில் இருந்து போவது கொஞ்சம்தான்.

ஆகவே அந்தப் பணம் பெரும்பாலும் நம்ம நிலத்தின் விலையில் இருந்து வந்த பணம்! அதைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல, உரிமை கேட்பது.

விற்காதவர் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு விற்ற காசும் இல்லை, விளைகிற தண்ணீரும் இல்லை. பக்கத்து மனையால் வந்த கெடுதல் மட்டும் அவர் பங்குக்கு. இதற்காக, விற்றவரைத் துரோகி என்று நாம் சொல்ல மாட்டோம். கடனும் வைத்தியமும் படிப்புச் செலவும் தள்ளித்தான் நம்ம ஆட்கள் விற்கிறார்கள். விற்றவருக்கும் விற்காதவருக்கும் சண்டை மூட்டிவிட்டு, பணக் கணக்கை யாரும் கேட்காமல் போவதுதான் சிலருக்கு லாபம்.

கட்டணமே வேண்டாம் என்கிறோமா?

இல்லை. சங்கத்திலேயே சில நண்பர்கள், "கட்டணம் என்பதே கொள்ளை, மொத்தமாக எடுத்துப் போடு" என்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இருநூறு வீட்டுக்கு வடிகால் யாராவது கட்டித்தான் ஆகணும். மனை போட்டு லாபம் பார்க்கிறவர் கட்டவில்லை என்றால், ஊராட்சியின் பொதுப் பணத்தில் இருந்து கட்டணும். அதாவது பழைய ஊரும் காலனியும் கட்டணும். இல்லையென்றால் கட்டவே மாட்டார்கள், சாக்கடை நம்ம வயலில் இறங்கும். ஊரை நகரமாக்குகிறவர் அதன் செலவைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டணம் ஒரு தடவைதான். ரோடும் பூங்காவும் தானப் பத்திரத்தில் ஊராட்சிக்கு வந்தவுடன், தெருவிளக்கு மாற்றுவது, குப்பை அள்ளுவது, ரோட்டுக் குழி மூடுவது எல்லாம் வருஷா வருஷம் ஊராட்சிச் செலவு. வீடு கட்டினால்தான் வீட்டு வரி வரும். காலி மனை பத்து வருஷம் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும், அதிலிருந்து வீட்டு வரி வராது. "தானம்" என்று பெயர், ஆனால் மாட்டிக்கொள்வது ஊராட்சி.

ஆகவே நாம் சொல்வது, கட்டணம் வாங்கு. கணக்குப் போட்டு வாங்கு. வாங்கிய இடத்தில் செலவு செய்!

கோர்ட் என்ன சொல்கிறது?

வரி வேறு, கட்டணம் வேறு என்பது நம்ம நாட்டுச் சட்டத்தில் பழைய பாடம். 1954-இல் சிரூர் மடம் வழக்கில், சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தின் கீழ் கேட்ட பணத்தைப் பார்த்து உச்ச நீதிமன்றம், கட்டணம் என்றால் கொடுத்தவருக்குப் பதிலுக்கு ஒரு சேவை இருக்கணும், இல்லையென்றால் அது வரி என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. பிற்காலத் தீர்ப்புகள், காசுக்குக் காசு சரியாக இருக்கத் தேவையில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்று தளர்த்தின. சரி, பொதுவான தொடர்பாவது எங்கே? நம்ம ஊரில் வாங்கிய பணத்துக்கும் நம்ம ஊர் வடிகாலுக்கும் என்ன தொடர்பு, காட்டட்டும்!

பணக்கார நாடு என்கிற அமெரிக்காவிலும் இதே சண்டைதான். கலிபோர்னியா மாநிலத்தின் எல் டொராடோ கவுண்டியில், சொந்த இடத்தில் சின்ன வீடு வைக்க வந்த ஒருவரிடம் ரோட்டுப் போக்குவரத்துக்கு என்று 23,420 டாலர் கட்டச் சொன்னார்கள். அவர் ஒரு வீட்டால் ரோட்டுக்கு எவ்வளவு பாரம் என்று யாரும் பார்க்கவில்லை, அட்டவணையில் இருந்தது, வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், சட்டம் போட்டு அட்டவணையாக வைத்தாலும் அதுவும் நியாயச் சோதனைக்கு உட்பட்டதுதான் என்றார்கள். கேட்கிற பணம் ஏற்படுகிற பாதிப்போடு பொருந்துகிறதா என்பதுதான் அந்தச் சோதனை. அந்தக் குறிப்பிட்ட கட்டணம் சரியா தப்பா என்பதைப் பார்க்க, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஒரு வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை இங்கே ஒரு ஊரே சேர்ந்து கேட்கக் கூடாதா?

அரியானாவைப் பாருங்கள்

வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியானா சாட்சி. அங்கே 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி, லைசென்ஸ் வாங்கிய பில்டர்கள் வெளி வளர்ச்சிக் கட்டணம் கட்டணும். பெரிய ரோடு, சாக்கடைக் குழாய், குடிநீர் எல்லாம் அதில்தான் வரணும். மனை வாங்கியவர்களிடம் அந்தப் பணத்தைப் பில்டர்கள் வாங்கினார்கள். அரசாங்கத்துக்குக் கட்டாமல் பல ஆயிரம் கோடி ரூபாய் பாக்கி வைத்தார்கள். கடைசியில் அரசாங்கமே வட்டியில் சலுகை கொடுத்து, "தயவு செய்து கட்டுங்கள்" என்று திட்டம் போட வேண்டி வந்தது. நமக்குக் கூட்டுறவு வங்கியில் ஒரு தவணை தப்பினால் நகை ஏலம் என்று நோட்டீஸ் வருகிறது. பெரிய இடம் என்றால் வட்டிச் சலுகை. இதுதான் நியாயமா?

ஏன் இப்போதே பேசணும்?

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்களையும் சேர்த்து 1,225 கிராமங்கள் அந்த எல்லைக்குள் வந்தன. மற்ற நகரங்களைச் சுற்றியும் எல்லை விரிந்துகொண்டே போகிறது. ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோடு சேர்ப்பதும் நடக்கிறது. சேர்த்துவிட்டால் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை போகும், கிராம சபையும் போகும். வரியும் கட்டணமும் மட்டும் நகர ரேட்டுக்கு ஏறும். கிராம சபை கையில் இருக்கும்போதே கேட்காவிட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் எந்தத் தலைப்பில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது என்று கிராமவாரியாக, சர்வே எண் வாரியாக ஊராட்சி ஆபீஸ் பலகையில் எழுதி வை.

2. வசூலில் குறைந்தது பாதியை அதே கிராமத்தில் செலவு செய். அதிலும் வடிகாலும் பாசன வாய்க்காலும் முதலில், அலங்கார வளைவு கடைசியில்.

3. அனுமதி கொடுக்கும் முன், அந்த ஆயக்கட்டு விவசாயிகளை வைத்துக்கொண்டு இடத்தைப் பார். வாய்க்கால், வடிகால், வண்டிப் பாதை மூன்றையும் வரைபடத்தில் குறி. கல்வெர்ட்டும் மதகும் கட்டி முடித்த பிறகே முதல் மனையைப் பத்திரம் பண்ண விடு.

4. சதுர மீட்டர் ரேட்டோடு நிற்காமல், அந்த இடத்துக்குத் தேவையான வேலைக்கு மதிப்பீடு போட்டு, அதன்படி மனை போடுகிறவரிடம் வாங்கு. தெருவிளக்குக்கும் பராமரிப்புக்கும் ஐந்து வருஷத்துக்கு வைப்புத் தொகை கட்டச் சொல்.

5. மாட்டுக் கொட்டகை, மோட்டார் கொட்டகை, களம், விவசாயி குடியிருக்கச் சொந்த நிலத்தில் கட்டும் சின்ன வீடு இவற்றுக்கு எந்த வளர்ச்சிக் கட்டணமும் கூடாது. இவற்றால் எந்த நகரமும் வளரவில்லை!

6. கிராம சபையின் சம்மதம் இல்லாமல் எந்த ஊராட்சியையும் நகரத்தோடு சேர்க்காதே.

நாம் செய்ய வேண்டியது

விவசாயப் பெருமக்களே! பேசிவிட்டு வீட்டுக்குப் போவதால் வாய்க்கால் வராது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. அடுத்த சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள். வடிகால் இல்லாத கஷ்டம் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். மேலே உள்ள கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் இருந்து நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி நாலே கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சி எல்லையில் எத்தனை மனைப்பிரிவுக்கு அனுமதி? ஒவ்வொன்றுக்கும் வாங்கிய வளர்ச்சிக் கட்டணம் எவ்வளவு? அந்தப் பணம் இப்போது எந்தக் கணக்கில்? தானப் பத்திரத்தில் வந்த பூங்கா இடம் எந்த சர்வே எண்ணில், இப்போது யார் அனுபவத்தில்? பதில் வந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வராவிட்டால் மேல்முறையீடு எழுத சங்கம் உதவும்.

படிப்பு வரவில்லையே என்று தயங்காதீர்கள். ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், எத்தனை ஆள் கூலி, என்ன மகசூல் என்று விரல் விட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் நாம். இதுவும் கணக்குத்தான். நம்ம மண்ணின் கணக்கு.

ஊர் வளரட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் வளர்ச்சி என்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தில் முதல் மண்வெட்டி நம்ம வாய்க்காலில் விழணும். அதுவரைக்கும் கேட்போம். கிராம சபையில் கேட்போம், தாலுகா ஆபீசில் கேட்போம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கேட்போம்!

கணக்குக் காட்டு! கட்டணத்தைக் கிராமத்துக்குத் திருப்பு!
வாய்க்காலை மூடாதே! வயலை மூழ்கடிக்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!